மெல்லிய மடிக்கணினியும் கனத்த விலையும்



மெல்லிய மடிக்கணினிக்கு ஏன் இவ்வளவு விலை? அவ்வளவு கொடுத்து வாங்கியும் ஏன் பழுதாகிறது? பழுதாகும் என்று தெரிந்தும் வாங்கலாமா? எங்கள் ஆசிரியர் அறையில் ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது இந்த வினாக்கள் எழுகின்றன. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, வகுப்பறை வீட்டுக்குள் புகுந்த பிறகு, மடிக்கணினி ஆசிரியருக்கு வெண்கட்டியைப் போல அன்றாடக் கருவியாகிவிட்டது. வெண்கட்டியைப் பள்ளி வாங்கிக் கொடுக்கும். மடிக்கணினியைப் பெரும்பாலோர் தம் சொந்தப் பணத்தில், அதுவும் தவணையில் வாங்குகிறோம்.

என்னுடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், 24 மாதத் தவணையில் மிக மெல்லிய மடிக்கணினி ஒன்றை வாங்கினார். நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. பதினான்காம் மாதத்தில் திரையைத் தாங்கும் கீல் விரிசல் கண்டது. உத்தரவாதமோ பன்னிரண்டு மாதம். கீலை மட்டும் தனியே மாற்ற இயலாது, திரையும் மேல்மூடியும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று சொல்லி, கருவியின் விலையில் ஏறக்குறைய பாதியைக் கேட்டார்கள். எஞ்சிய பத்து மாதமும் அவர் அக்கருவியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பயன்படுத்திக்கொண்டே தவணை கட்டினார். இவ்வளவு பணத்துக்கு நாம் வாங்குவது எதனை என்று நான் ஆராயத் தொடங்கியது அதன்பிறகுதான்.

தேடிப் படித்தபோது, இச்சிக்கலுக்கு முப்பத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருப்பதைக் கண்டேன். அந்த வரலாற்றைப் படித்தவர் கடைக்குள் நுழையும்போது கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். ஆகவேதான் இந்தக் கட்டுரை.

முதல் மெல்லியது

இன்று நாம் ‘நோட்புக்’ என்று சொல்லும் வடிவத்தில் வந்த முதல் கணினிகளுள் ஒன்று, ஜப்பானிய நிறுவனமான என்.இ.சி. 1988ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்த ‘அல்ட்ராலைட்’. எடை ஏறத்தாழ 2 கிலோ. தடிமன் 1.4 அங்குலம், அதாவது 36 மி.மீ. அளவில். இன்றைய கண்ணுக்கு அது தடித்த புத்தகம். ஆனால், அந்நாளில் ‘எடுத்துச் செல்லத்தக்க’ கணினிகள் பல ஆறேழு கிலோ எடையில் தையல் இயந்திரம் போல இருந்தன. அவற்றின் பக்கத்தில் இதனை வைத்துப் பார்த்தவர்கள் வியந்ததில் வியப்பில்லை. அமெரிக்காவில் விலை 2,999 டாலர்.

இந்த எடையை எப்படி எட்டினார்கள்? நெகிழ்வட்டு இயக்கியை நீக்கினார்கள். சுழலும் வன்தட்டையும் நீக்கினார்கள். அதற்கு மாற்றாக, மின்கலத்தின் ஆற்றலால் உயிர்வாழும் 1 மெகாபைட் அல்லது 2 மெகாபைட் நினைவகத்தைத் தட்டு போலப் பயன்படுத்தினார்கள். சுழலும் உறுப்பே இல்லாத சேமிப்பு என்பது இருபது ஆண்டு முந்திப் பிறந்த சிந்தனை. ஆனால், அதில் ஓர் அபாயம் இருந்தது. மின்கலம் முற்றாகத் தீர்ந்தால் சேமித்தவை அழிந்துபோகும். கருவியைச் சில நாள் மேசை இழுப்பறையில் மறந்து வைத்தவர் தம் உழைப்பையே இழக்க நேரிடும்.

அடுத்த ஆண்டே, 1989 அக்டோபரில், காம்பேக் நிறுவனம் எல்.டி.இ. என்ற மடிக்கணினியைக் கொண்டு வந்தது. கிட்டத்தட்ட 3 கிலோ. அல்ட்ராலைட்டைவிடத் தடித்தது. ஆனால், அதனுள் நெகிழ்வட்டு இயக்கி இருந்தது; வேண்டுவோருக்கு உண்மையான வன்தட்டும் இருந்தது. சந்தையில் வென்றது காம்பேக்தான். அல்ட்ராலைட் வரலாற்று நூல்களில் மட்டும் ‘முதல்’ என்ற பெருமையோடு நிற்கிறது.

எதை நீக்கி மெல்லியதாக்கினார்கள், நீக்கியதன் வேலையை இப்போது யார் செய்கிறார் என்ற கேள்வியை அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு தொடர்ந்து வாருங்கள். அல்ட்ராலைட்டில் வன்தட்டின் வேலையை மின்கலம் செய்தது. மின்கலத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலையை, பணம் கொடுத்து வாங்கியவர் செய்தார்.

22,800 ரிங்கிட்டுக்கு ஒரு மடிக்கணினி

பத்தாண்டு கடந்து, 1998இல் மிட்சுபிஷி நிறுவனம் எச்.பி. நிறுவனத்தின் கூட்டுறவோடு ‘பெடியன்’ என்னும் மடிக்கணினியை வெளியிட்டது. தடிமன் வெறும் 18.4 மி.மீ. மக்னீசியக் கலவை உடல். எடை 1.4 கிலோ அளவு. அன்றைய உலகில் அதைவிட மெல்லிய மடிக்கணினி இல்லை. விலை ஏறத்தாழ 6,000 அமெரிக்க டாலர். அதே ஆண்டு செப்டம்பரில்தான் நம் நாட்டில் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மாற்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் 22,800 ரிங்கிட். அந்தத் தொகையோடு மகிழுந்துக் கடைக்குப் போயிருந்தால் நல்ல மரியாதை கிடைத்திருக்கும்.

பெடியன் நீண்ட நாள் நிலைக்கவில்லை. உடற்கட்டமைப்பிலும் உறுப்புகளிலும் தோன்றிய கோளாறுகளால் விரைவிலேயே சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. மென்மைக்கு விலை, பழுதுக்கும் அதே விலை என்ற கதைக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நம் நாட்டில் தொடங்கியபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு அரசு மடிக்கணினி வழங்கியது. எல்.சி.டி. புரொஜெக்டர்களும் வந்தன. ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்திருந்த எனக்கு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு மாடிப்படி ஏறுவது பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாவது மாடிக்கு வரும்போது பெருமை குறைந்துவிடும். ஒரு தோளில் மடிக்கணினிப் பை, மறு கையில் நாற்பது பயிற்சி ஏடுகள். எடை குறைந்த கணினி என்பது பணக்காரரின் ஆடம்பரம் மட்டுமே என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளாததற்கு அந்த மாடிப்படிதான் காரணம்.

அதே ஆண்டின் இறுதியில் சோனி நிறுவனம் ஜப்பானில் ‘வயோ எக்ஸ்505’ கருவியை அறிமுகப்படுத்தியது. மிக மெல்லிய பகுதி 9.7 மி.மீ. கரிமநார் உடல் கொண்ட வகையின் எடை 785 கிராம். நம் தமிழ்மொழிப் பாடநூல் இரண்டை அடுக்கி வைத்தாற்போன்ற எடை என்று எண்ணிக்கொள்ளுங்கள். மறு ஆண்டு அமெரிக்காவில் 2,999 டாலருக்கு விற்கப்பட்டது. திரை 10.4 அங்குலம். கம்பிவழி வலைப்பின்னலையும் வெளித்திரையையும் இணைக்கத் தனித் துணைக்கம்பி வேண்டும். கணினி மெல்லியதாயிற்று, பை தடித்தது!

அதே காலத்தில் பானசோனிக் நிறுவனம் ‘லெட்ஸ் நோட்’ என்ற வரிசையைச் சத்தமின்றி ஜப்பானில் விற்றுக்கொண்டிருந்தது. எனக்கு இவ்வரிசை மீது தனி மதிப்பு உண்டு. 2002இல் வந்த அதன் ‘ஆர்’ வகை ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆனால், மெல்லியது என்று யாரும் சொல்ல முடியாது. தடித்த சோற்றுப்பெட்டி போல இருக்கும். மேல்மூடியில் மகிழுந்தின் முன்மூடி போல மேடுபள்ளமான வரிகளை அமைத்தார்கள். நெரிசல் மிகுந்த தொடர்வண்டியில் பயணிகள் நெருக்கினாலும் திரை உடையாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிற்கால வகைகளை 100 கிலோ அழுத்தத்துக்கு ஆட்படுத்திச் சோதித்தார்கள். விலை மலிவன்று. கோபே நகரத் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டதால் குறையவும் இல்லை. ஆனாலும், கொடுத்த பணம் எங்கே போயிற்று என்பது வாங்கியவருக்குத் தெரிந்தது.

எடையும் தடிமனும் வேறு வேறு பொருள் என்பது எனக்குத் தெளிவானது சோனியையும் பானசோனிக்கையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான். எடை குறைந்தால் சுமப்பவரின் தோளுக்கு நன்மை. தடிமன் குறைந்தால் யாருக்கு நன்மை? விளம்பரப் படம் எடுப்பவருக்கு.

உறைக்குள்ளிருந்து வந்த கணினி

2008 ஜனவரி 15ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகர மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் பழுப்பு நிற அலுவலக உறை ஒன்றைப் பிரித்து, அதனுள்ளிருந்து மேக்புக் ஏர் மடிக்கணினியை வெளியே எடுத்தார். உலகம் கைதட்டியது. மிக மெல்லிய முனை 4 மி.மீ., மிகத் தடித்த பகுதி 19.4 மி.மீ., எடை 1.36 கிலோ, விலை 1,799 டாலர். அந்நாளைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 5,900 ரிங்கிட். சுழலும் தட்டுக்கு மாற்றாக 64 கிகாபைட் திண்மநிலைச் சேமிப்பு வேண்டுமென்றால் 3,098 டாலர்.

அம்மேடையில் சோனியின் ‘டி.இசட்.’ வரிசை மடிக்கணினியை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார். ஏரின் மிகத் தடித்த பகுதிகூடச் சோனியின் மிக மெல்லிய பகுதியைவிட மெல்லியது என்று காட்டினார். அது உண்மைதான். ஆனால், சோனி கருவியின் எடை 1.2 கிலோ அளவு, உள்ளே டி.வி.டி. இயக்கியும் இருந்தது. திரை மட்டும் 11.1 அங்குலமாகச் சிறுத்திருந்தது. கைத்தட்டலுக்கு நடுவே இதை யார் நிறுத்துப் பார்க்கப் போகிறார்!

ஏரில் நீக்கப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது. குறுவட்டு இயக்கி இல்லை. கம்பிவழி வலைப்பின்னல் துளை இல்லை. யு.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்று. நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது; பிறகு கூட்ட இயலாது. மின்கலத்தை வாங்கியவரே கழற்றி மாற்றவும் வழியில்லை. தட்டோ, ஐபாட் இசைக்கருவியில் பயன்பட்ட வகையைச் சேர்ந்த 1.8 அங்குல மெதுவான வன்தட்டு. இன்டெல் நிறுவனம் இதற்காகவே தன் செயலியின் உறையை 60 விழுக்காடு சுருக்கிக் கொடுத்தது. செயலியின் உறை சுருங்கியது, வெப்பம் சுருங்கவில்லை. அதிக வேலை கொடுத்தால், குறிப்பாகக் காணொலி ஓடும்போது, சூடு தாங்காமல் செயலியின் இரண்டு கருவகங்களில் ஒன்று நின்றுபோவதாகப் பயனர்கள் முறையிட்டனர். கீல்களும் விரிசல் கண்டன. முதல் இரு தலைமுறைக் கருவிகளின் கீல்களை, உத்தரவாதம் கடந்த பிறகும் இலவசமாகப் பழுதுபார்த்துத் தர ஆப்பிள் பின்னர் முன்வர வேண்டியிருந்தது.

சில வாரம் கழித்து, பிப்ரவரியில் வந்த லெனோவோவின் திங்பேட் எக்ஸ்300, ஏரின் எடைக்கு மிக அருகிலேயே நின்று, டி.வி.டி. இயக்கியையும் மூன்று யு.எஸ்.பி. துளைகளையும் கழற்றத்தக்க மின்கலத்தையும் கொடுத்தது. விலையில் அதுவும் குறைந்ததன்று. ஏரின் தொடக்க விலையைவிட மிகுதி. இருந்தாலும், அந்த எடையில் இவை எல்லாவற்றையும் வைக்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

தடிமன் ஒன்றையே துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு டெல் நிறுவனத்தின் ‘அடாமோ’ சான்று. 2009 மார்ச்சில் 1,999 டாலருக்கு வந்தது. 16.4 மி.மீ. தடிமன். ஏரைவிட மெல்லியது! எடையோ 1.8 கிலோ. ஏரைவிட ஏறத்தாழ அரைக் கிலோ கூடுதல். தோளுக்கு ஒரு பயனுமில்லை. இலத்தீன் மொழியில் காதலைக் குறிக்கும் சொல்லைப் பெயராகச் சூட்டியிருந்தார்கள். காதல் 2011க்குள் முடிந்துபோயிற்று; டெல் அவ்வரிசையை நிறுத்திக்கொண்டது.

இந்தக் கட்டத்தில் நின்று, விலைக்குத் தகுதியா என்று கேட்டிருந்தால், இல்லை என்றுதான் நான் விடை சொல்லியிருப்பேன். அடுத்த இரண்டாண்டில் அந்த விடையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2010 அக்டோபரில் மறுவடிவம் பெற்ற மேக்புக் ஏரில் சுழலும் வன்தட்டு அறவே இல்லை. யு.எஸ்.பி. துளை இரண்டாயிற்று. 11.6 அங்குலத் திரை கொண்ட ஏரின் எடை 1.06 கிலோ, விலை 999 டாலர். முதல் ஏரின் திண்மநிலைச் சேமிப்பு வகையோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு விலை. 2008இல் வாங்கியவர் கட்டியது கல்விக் கட்டணம். அக்கல்வியின் பயனை 2010இல் வாங்கியவர் அனுபவித்தார்.

இன்டெல் நிறுவனமும் 2011 மே மாத இறுதியில் தைப்பேய் கண்காட்சியில் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரை அறிவித்து, 20 மி.மீ.க்கும் மெல்லிய கணினிகள் 1,000 டாலருக்குள் வர வேண்டும் என்றது. ஆகஸ்டில் அதற்கென 300 மில்லியன் டாலர் நிதியையும் ஒதுக்கியது. (இன்டெல் தன் முதல் கடல்கடந்த ஆலையை 1972இல் நம் பினாங்கில் அமைத்தது என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.) ஏசர், ஆசுஸ், தோஷிபா, லெனோவோ ஆகியவை அவ்வாண்டு இறுதிக்குள் களமிறங்கின. மெல்லிய மடிக்கணினி நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது அப்போதுதான்.

ஒரு தூசும் ஓர் எழுத்தும்

சிக்கல் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 2015 மார்ச் 9ஆம் நாள், 12 அங்குல மேக்புக்கை ஆப்பிள் அறிவித்தது. 13.1 மி.மீ., 0.92 கிலோ, 1,299 டாலர். இந்த மெலிவுக்காக இம்முறை கைவைத்தது விசைப்பலகையில்.

வழக்கமான மடிக்கணினி விசையின் அடியில் இரண்டு நெம்புகோல்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்டிருக்கும். அதற்கு உயரம் வேண்டும். ஆப்பிள் அதனை நீக்கி, நடுவில் மடியும் வண்ணத்துப்பூச்சி இறக்கை போன்ற அமைப்பை வைத்தது. விசைப்பலகையின் உயரம் 40 விழுக்காடு குறைந்தது. விசை கீழே இறங்கும் தூரம் ஏறத்தாழ அரை மி.மீ. ஆயிற்று. அந்த இடுக்கில் மணல்துகள் ஒன்று புகுந்தால் போதும். விசை எழாது, அல்லது ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழும். துகளை எடுக்க, கருவியை 75 பாகை சாய்த்துப் பிடித்து, அழுத்தக் காற்றைக் குறிப்பிட்ட முறையில் பாய்ச்சும்படி ஆப்பிளே வழிகாட்டிக் குறிப்பு வெளியிட்டது. ஆயிரத்து முந்நூறு டாலர் கருவிக்கு மூக்கடைப்பு மருத்துவம்!

ஆங்கிலத்தில் ஓர் எழுத்து இரட்டித்தால் எழுத்துப்பிழை, படிப்பவருக்குப் புரிந்துவிடும். தமிழில் அப்படியன்று. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுறையில் தட்டெழுதுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம். அம்முறையில் உயிரெழுத்து விசையை ஒருமுறை அழுத்தினால் குறில், இருமுறை அழுத்தினால் நெடில். விசை தானாக இரட்டித்தால் ‘படம்’ என்பது ‘பாடம்’ ஆகிவிடும். ‘பல்’ என்பது ‘பால்’ ஆகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள். பிழைதிருத்தும் மென்பொருள் எதுவும் பிடிக்காது. தேர்வுத்தாள் தயாரிக்கும் ஆசிரியருக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதை விளக்கத் தேவையில்லை. வெண்கட்டித் தூசு பறக்கும் வகுப்பறைக்கும் அத்தகைய விசைப்பலகைக்கும் பொருத்தம் பார்த்தால் ஒரு பொருத்தமும் இராது.

இக்குறை ஒரு கருவியோடு நிற்கவில்லை. 2016இல் மேக்புக் புரோவுக்கும், 2018இல் மேக்புக் ஏருக்கும் அதே வகை விசைப்பலகை பரவியது. புரோ என்பது அழுத்தமான வேலை செய்வோருக்கான வரிசை. அதை வாங்குவோர் யாரும் மெலிவுக்காக அழுததாக நான் படித்ததில்லை. பழுது நேர்ந்தால் விசையை மட்டும் மாற்ற வழியில்லை. விசைப்பலகை, மேல்தளம், அதனோடு ஒட்டப்பட்ட மின்கலம் எல்லாம் ஒரே தொகுதி. உத்தரவாதம் முடிந்தவருக்குச் செலவு சில நூறு டாலர். ஒரு தூசுக்கு!

2018 ஜூனில், வாங்கிய நாள் முதல் நான்கு ஆண்டுவரை இலவசப் பழுதுபார்ப்பு என்ற திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. அதற்குப் பிறகும் மூன்றாம் தலைமுறையில் விசைக்கு அடியில் மெல்லிய சிலிக்கோன் உறை வைத்துப் பார்த்தார்கள், முறையீடு ஓயவில்லை. 2019 மார்ச்சில் அமெரிக்க நாளேடான வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் தொழில்நுட்பக் கட்டுரையாளர் ஜோனா ஸ்டெர்ன், தம் மேக்புக்கில் சரியாக விழாத எழுத்துகளை விட்டுவிட்டே ஒரு கட்டுரையை அச்சிட்டார். ஆப்பிள் வருத்தம் தெரிவித்தது. பாதிக்கப்பட்டோர் சிறு எண்ணிக்கையினரே என்றும் சேர்த்துச் சொன்னது.

2019 நவம்பரில் 16 அங்குல மேக்புக் புரோ பழைய கத்தரிக்கோல் அமைப்போடு வந்தது. முந்தைய 15 அங்குலக் கருவி 15.5 மி.மீ.; புதியது 16.2 மி.மீ. எடையும் 1.83 கிலோவிலிருந்து 2 கிலோவாகக் கூடிற்று. மெலிவையே பாடி வந்த நிறுவனம் முக்கால் மி.மீ. தடித்த கருவியைக் கொண்டு வந்தபோது, வாங்குவோர் மகிழ்ந்தார்கள். நான்காண்டுத் தொல்லையின் மொத்த விலை அந்த முக்கால் மி.மீ.தான் என்று எண்ணும்போது எனக்குச் சினம் வருகிறது.

வெப்பம் தீர்ந்தது, பூட்டு தீரவில்லை

2020 நவம்பரில் வந்த எம்1 செயலி, இந்த வரலாற்றில் நேர்மையான திருப்பம் என்பேன். அவ்வாண்டு மேக்புக் ஏர் முந்தையதைவிட மெல்லியதாக ஆகவில்லை. அதே 16.1 மி.மீ., அதே 1.29 கிலோ, அதே 999 டாலர் தொடக்க விலை. ஆனால், காற்றாடி இல்லை. காற்றாடியை நீக்கியது தடிமனுக்காக அன்று. செயலி அந்த அளவு சூடாகாததால் அது தேவையற்றுப் போயிற்று. 2008இல் வெப்பத்தை மறைக்க முயன்றார்கள். 2020இல் வெப்பத்தையே குறைத்தார்கள். நீக்கியதன் வேலையை யார் செய்கிறார் என்ற நம் பழைய கேள்விக்கு, ‘அந்த வேலையே இப்போது இல்லை’ என்ற விடை முதன்முறையாகக் கிடைத்தது. அக்கருவிக்குக் கொடுத்த பணம் தகும் என்றே நான் சொல்வேன்.

அப்போதும் எல்லாம் சீராகிவிடவில்லை. 2022இல் வந்த எம்2 ஏர் 11.3 மி.மீ. ஆக மெலிந்து, 1,199 டாலராக விலை ஏறியது. அதன் 256 கிகாபைட் வகையில் சேமிப்புச் சில்லு இரண்டுக்கு மாற்றாக ஒன்றே வைக்கப்பட்டதால், சேமிப்பின் வேகம் முந்தைய எம்1 கருவியைவிடக் குறைந்தது. 8 கிகாபைட் நினைவகமே தொடக்க அளவாக 2024 அக்டோபர்வரை நீடித்தது. அதன்பிறகுதான் 16 ஆயிற்று. நினைவகமும் சேமிப்பும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், குறைவாக வாங்கியவர் பிறகு கூட்ட வழியில்லை.

மெல்லியதாக இருக்க வேண்டுமானால் இப்படித்தான் பூட்டி வைக்க வேண்டும் என்று விற்பனையாளர் சொல்வார். நம்ப வேண்டாம். 2021இல் அமெரிக்காவில் ‘பிரேம்வொர்க்’ என்ற சிறு நிறுவனம் 15.85 மி.மீ. தடிமனும் 1.3 கிலோ எடையும் கொண்ட மடிக்கணினியை வெளியிட்டது. எம்1 ஏருக்கு இணையான உடல். அதில் நினைவகம், சேமிப்பு, மின்கலம், திரை, விசைப்பலகை அனைத்தையும் வாங்கியவரே திருப்புளி கொண்டு கழற்றி மாற்றலாம். கீலும் தனி உறுப்பாகக் கிடைக்கிறது. ஆக, மெல்லிய கருவி பழுதுபார்க்க இயலாததாக இருப்பது பெரும்பாலும் இயற்கையின் விதியன்று, நிறுவனத்தின் விருப்பம்.

என்னைக் கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். எடைக்காகக் கூடுதல் பணம் கொடுங்கள். நாள்தோறும் சுமக்கிறவர் நீங்கள். தடிமனுக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். புதிய வடிவம் வந்த முதல் ஆண்டில் வாங்காதீர்கள். இரண்டாம் மூன்றாம் பதிப்புவரை காத்திருங்கள். விலையைக் கேட்கும்போதே விசைப்பலகை மாற்ற என்ன விலை, கீல் மாற்ற என்ன விலை என்றும் கேளுங்கள். விற்பனையாளர் திகைத்தால் அதுவும் ஒரு விடைதான்.

இதைச் சொல்லும்போது ஒருவர், பெரிய நிறுவனம் ஏமாற்றினால் நீதிமன்றம் இருக்கிறதே என்றார். இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி விசைப்பலகை வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 50 மில்லியன் டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள ஆப்பிள் 2022 ஜூலையில் இசைந்தது. மேல்தளத் தொகுதியை இருமுறையோ அதற்கு மேலோ மாற்றியவருக்கு 395 டாலர்வரை, ஒருமுறை மாற்றியவருக்கு 125 டாலர்வரை, விசைமூடியை மட்டும் மாற்றியவருக்கு 50 டாலர்வரை. கலிபோர்னியா, நியூயார்க், புளோரிடா, இல்லினாய், நியூஜெர்சி, வாஷிங்டன், மிச்சிகன் ஆகிய ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும். கிள்ளானிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் அதே கருவியை அதே குறையோடு வாங்கியவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

உங்கள் ஊர்க் கடைகளில் மெல்லிய மடிக்கணினிக்குக் கீல் மாற்றவும் விசைப்பலகை மாற்றவும் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கருவியின் வயதையும் வாங்கிய விலையையும் சேர்த்து எழுதினால், அடுத்து வாங்கப்போகும் ஆசிரியருக்குப் பயன்படும்.